யாரைக் கேட்டோம், கேட்டபின் என்ன செய்தோம்: பணி ஈடுபாட்டை அளப்பது பற்றி

மணலியிலோ எண்ணூரிலோ ஒரு நடுத்தர ஆலையின் வாசலில், காலை ஷிப்ட் மாறும் நேரத்தில் நின்று பார்த்தால், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டைகள் எல்லாம் ஒரே நிறத்தில் இருக்காது. நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு நிறம், காண்டிராக்ட் ஆளுக்கு இன்னொரு நிறம், அப்ரன்டிஸ் பையனுக்கு வேறொரு நிறம். ஆண்டுக்கு ஒருமுறை 'பணி ஈடுபாட்டு ஆய்வு' என்று எச்.ஆர். பிரிவு படிவம் கொடுக்கும்போது, அது பெரும்பாலும் முதல் நிறத்துக்காரர்களின் கைக்குத்தான் போகிறது. பேக்கிங் லைனில் நிற்பவர், கன்டெய்னரில் சரக்கு ஏற்றுபவர், இரவில் பாய்லர் அருகே இருப்பவர் ஆகியோரில் பலர் அந்தக் கணக்கிலேயே வருவதில்லை. பிறகு 'எங்கள் ஈடுபாட்டு மதிப்பெண் 70' என்று சுவரில் ஒட்டப்படுகிறது. அந்த 70 எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதே இந்தக் கட்டுரையின் பொருள்.

முதலில் எதை அளக்கிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். திருப்தி வேறு, ஈடுபாடு வேறு. சம்பளம் சரியாக வருகிறது, வீட்டுக்குப் பக்கத்தில் வேலை, வம்பில்லை என்று ஒருவர் திருப்தியாக இருக்கலாம். ஆனால் மெஷினில் வித்தியாசமான சத்தம் கேட்டால் 'நமக்கெதற்கு' என்று நகர்ந்துவிடலாம். இன்னொருவர் சம்பளத்தில் கடும் அதிருப்தியோடு இருந்துகொண்டே, தன் கையால் போகும் ஒவ்வொரு பீஸையும் திருப்பிப் பார்த்து அனுப்பலாம். வில்லியம் கான் 1990-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரைதான் இந்தத் துறையின் தொடக்கப் புள்ளி. கோடை முகாம் ஒன்றிலும் ஒரு கட்டடக் கலை நிறுவனத்திலும் வேலை செய்தவர்களைக் கவனித்து, ஒருவர் தன்னை வேலைக்குள் கொடுப்பதற்கு மூன்று நிலைமைகள் வேண்டும் என்றார். செய்வதில் அர்த்தம் இருக்க வேண்டும். பேசினால் தண்டனை வராது என்ற பாதுகாப்பு இருக்க வேண்டும். கொடுப்பதற்கு உடம்பிலும் மனதிலும் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும்.

வடசென்னைக்கு இந்த மூன்றாவது நிலைமை மிக முக்கியம். எண்ணூர் விரைவு சாலையில் கன்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவே பைக்கில் ஊர்ந்து வந்து, ஷிப்டுக்கு ஐந்து நிமிடம் தாமதமாகி அரை நாள் சம்பளம் போன ஒருவரிடம் 'வேலைக்கு வரும்போது உற்சாகமாக உணர்கிறீர்களா' என்று கேட்டால், கிடைக்கும் பதிலில் பாதி சாலையைப் பற்றியது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்தது பலருக்கு நிம்மதி. ஆனால் அதற்கு அப்பால் எண்ணூர், மணலி புதுநகர் பக்கம் இரவு ஷிப்ட் முடிந்து போகிற பெண்களுக்குக் கடைசி ஓரிரு கிலோமீட்டர் இன்னும் ஒரு கேள்விதான். நிறுவனம் வண்டி விட்டால் மாறக்கூடிய விஷயம் இது. அதனால் பயணத்தைப் பற்றி ஒரு கேள்வி படிவத்தில் இருக்கத்தான் வேண்டும்.

அளவுகோல்களில் இரண்டு அதிகம் புழங்குகின்றன. ஒன்று, நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஷௌஃபெலியும் பாக்கரும் சக ஆய்வாளர்களோடு உருவாக்கி 2002-இல் வெளியிட்டது. 17 கேள்விகள்; தெம்பு, அர்ப்பணிப்பு, மூழ்கிப்போதல் என்று மூன்று கூறுகள்; 'ஒருபோதும் இல்லை' என்பதற்கு 0, 'எப்போதும்' என்பதற்கு 6. இதன் 9 கேள்விச் சுருக்கம் 2006-இல் வந்தது. மற்றொன்று, கருத்துக்கணிப்பு நடத்தும் கேலப் நிறுவனத்தின் 12 கேள்விகள். என்னிடம் எதிர்பார்ப்பது என்ன என்று தெரியுமா, தேவையான கருவி கையில் இருக்கிறதா என்று வேலைச் சூழலைக் கேட்பது; 1 முதல் 5 வரை மதிப்பெண். இது அந்த நிறுவனத்தின் பதிப்புரிமைக்கு உட்பட்டது, நகல் எடுத்து விநியோகிக்கக் கூடாது. முதலாவது, மனிதருக்குள் இருக்கும் நிலையை அளக்கிறது. இரண்டாவது, அந்த நிலையை உண்டாக்கும் காரணங்களை அளக்கிறது. இரண்டையும் ஒரே படிவத்தில் கலந்து, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு சராசரி போடுவது நிறையப் பேர் செய்யும் தவறு. காய்ச்சலையும் கொசு எண்ணிக்கையையும் கூட்டி வகுத்தால் வருகிற எண்ணுக்கு என்ன பொருளோ, அதுதான் அந்தச் சராசரிக்கும்.

எனவே படிவம் இரண்டு பகுதியாக இருக்க வேண்டும். விளைவுக்கு 3 கேள்வி போதும்: வேலைக்கு வரும்போது தெம்பு இருக்கிறதா, செய்யும் வேலையில் பெருமை இருக்கிறதா, வேலையில் மனம் ஒன்றுகிறதா. காரணங்களுக்கு 10 முதல் 12 கேள்வி. மொத்தம் 15-ஐத் தாண்டினால், ஷிப்ட் நடுவே நிரப்புகிறவர் பத்தாவது கேள்விக்குப் பிறகு படிக்காமலே ஒரே கட்டத்தில் டிக் அடித்துக்கொண்டே போவார். காரணங்களைப் பிரித்துப் பார்ப்பதற்கு 2001-இல் டெமெரூட்டி குழுவினர் முன்வைத்த மாதிரி உதவும். வேலை கேட்கும் சுமைகள் ஒரு பக்கம், அவற்றைத் தாங்க உதவுபவை இன்னொரு பக்கம். சூடு, தூசு, அவசர ஆர்டர், தொடர் நைட் ஷிப்ட் எல்லாம் சுமை. சரியான கருவி, முன்கூட்டியே தெரியும் ஷிப்ட் பட்டியல், மரியாதையாகப் பேசும் சூப்பர்வைசர், கேட்டால் பதில் கிடைப்பது எல்லாம் தாங்கு. இரண்டாவது இல்லாமல் முதலாவது ஏறினால் ஆள் சோர்ந்துபோவார். சுமை குறையாவிட்டாலும் தாங்கு கூடினால் ஈடுபாடு பிழைத்திருக்கும்.

கேள்வியை எப்படி எழுதுவது என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. தலைமையகம் அனுப்பிய கேள்விகளை அப்படியே மொழிபெயர்த்தால் 'எனது மேலாளர் என் கருத்துகளை மதிப்பதோடு எனது வளர்ச்சிக்கும் உறுதுணையாக இருக்கிறார்' என்று வரும். இதில் இரண்டு கேள்வி ஒட்டிக்கொண்டிருக்கிறது. மதிப்பார், வளர்ச்சிக்கு ஒன்றும் செய்யமாட்டார் என்றால் எதை டிக் அடிப்பது? அதோடு 'மேலாளர்' என்றால் யார்? லைன் சூப்பர்வைசரா, ஷிப்ட் இன்சார்ஜா, காண்டிராக்டரின் மேஸ்திரியா? ஆளைப் பெயரிட்டு, காலத்தைக் குறிப்பிட்டு, நடந்ததைக் கேட்பதே நல்லது. 'கடந்த ஒரு மாதத்தில் நீங்கள் ஒரு குறையைச் சொல்லியிருந்தால், அது என்ன ஆனது என்று யாராவது உங்களிடம் திரும்ப வந்து சொன்னார்களா?' 'அடுத்த வார ஷிப்ட் எது என்று எத்தனை நாள் முன்னால் தெரிகிறது?' 'கடந்த சம்பள சிலிப்பில் ஓ.டி. மணிக்கணக்கு சரியாக இருந்ததா?' 'ஆபத்து என்று தோன்றினால் மெஷினை நிறுத்த உங்களால் முடியுமா?' இப்படிக் கேட்டால் பதில் வரும்போதே, எதைச் சரிசெய்வது என்பதும் சேர்ந்து வருகிறது. 'நிர்வாகம் ஊழியர் நலனில் அக்கறை கொண்டுள்ளது' என்பதற்கு 3.4 மதிப்பெண் வந்தால் அதை வைத்துக்கொண்டு திங்கட்கிழமை காலை யாரும் எதையும் செய்ய முடியாது.

குடிநீர், கழிவறை, கேன்டீன், உட்கார இடம் ஆகியவை ஈடுபாட்டுக்குச் சம்பந்தமில்லாத சின்ன விஷயங்கள் என்று ஒதுக்கிவிடக் கூடாது. இந்தப் பகுதியின் வரலாறே வேறு சொல்கிறது. பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களை மையமாகக் கொண்டு 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிற்சங்கம் உருவானபோது, அடிவாங்குவது, மேலாட்களின் கெடுபிடி இவற்றோடு, மதிய உணவு இடைவேளை போதவில்லை என்பதும் முன்னணியில் இருந்த குறை. கழிவறைக்குப் போக டோக்கன் கேட்கும் லைனில் நிற்கும் பெண், நிறுவனத்தின் தொலைநோக்குப் பார்வையைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று கேட்பதற்கு முன்னால் அந்த டோக்கனைப் பற்றிக் கேட்க வேண்டும். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடைகளில் ஆய்வு நடத்துபவருக்கும் இது பொருந்தும். 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வந்து, ஊழியர் உட்கார இருக்கை வைப்பது கட்டாயமாகிவிட்டது. இருக்கை இருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். 'வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்கார்ந்தால் யாராவது ஏதாவது சொல்வார்களா' என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

இனி, யாரைக் கேட்பது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 400 பேர் வேலை செய்யும் ஒரு கிடங்கு. 100 பேர் நிரந்தரம், 300 பேர் காண்டிராக்ட் என்று வைத்துக்கொள்வோம். நிரந்தரத்தில் 100-க்கு 70 பேர் சாதகமாக இருக்கிறார்கள், அதாவது 1 முதல் 5 வரையிலான அளவில் 4 அல்லது 5 போடுகிறார்கள். காண்டிராக்டில் 100-க்கு 30 பேர். நிரந்தரத்தை மட்டும் கேட்டால் மதிப்பெண் 70. எல்லோருக்கும் படிவம் கொடுத்து, நிரந்தரத்தில் 90 பேரும் காண்டிராக்டில் 100 பேரும் மட்டும் திருப்பிக் கொடுத்தால், சாதகம் 63-ம் 30-ம் சேர்த்து 93. அதை 190-ஆல் வகுத்தால் 49. ஒவ்வொரு பிரிவின் விகிதத்தையும் அதன் உண்மையான ஆள் எண்ணிக்கையோடு பெருக்கிச் சேர்த்தால் 70-ம் 90-ம் 160. 400-க்கு அது 40. ஒரே கிடங்கு, ஒரே நாள். 70, 49, 40 என்று மூன்று எண். முதலாளிக்குப் பிடித்தது முதலாவது. நடப்புக்கு மிக நெருங்கியது மூன்றாவது. அதுவும்கூட, படிவத்தைத் திருப்பிக் கொடுக்காத 200 காண்டிராக்ட் ஆட்களும் கொடுத்தவர்களைப் போலவே நினைக்கிறார்கள் என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. கொடுக்காதவர்கள் பொதுவாக இன்னும் விலகி நிற்பவர்களாகவே இருக்கக்கூடும். ஆகவே மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில், பிரிவுவாரியாக எத்தனை பேர் பதில் தந்தார்கள் என்ற எண்ணும் கட்டாயம் அச்சாக வேண்டும்.

காண்டிராக்ட் ஆட்களில் கணிசமானவர்கள் ஒடிசா, பீகார், அசாம் போன்ற மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்குத் தமிழ்ப் படிவமோ ஆங்கிலப் படிவமோ பயன்படாது. ஒடியா, இந்தி, வங்காளப் படிவம் வேண்டும். எழுத்துப் பழக்கம் குறைவானவர்களுக்கு வாசித்துக்காட்ட ஆள் வேண்டும். வாசித்துக்காட்டும் ஆள் காண்டிராக்டரின் ஆளாக இருந்தால் எல்லாப் பதிலும் 5-ஆகவே வரும். வெளியாள் ஒருவர் கேள்வியை வாசிக்க, பதிலளிப்பவர் 1 முதல் 5 வரை எண் போட்ட சீட்டுகளில் ஒன்றை மறைவாகப் பெட்டியில் போடுவது எளிய வழி.

பெயர் தெரியாது என்று வாக்குறுதி தருவது சுலபம், அதை நம்பவைப்பதுதான் கடினம். சொந்த போனில் க்யூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்யச் சொன்னால் 'நம்பர் அவனுக்குப் போயிடும்' என்ற பேச்சு கேன்டீனில் தொடங்கிவிடும். கேமரா இருக்கும் இடத்தில் டேப்லெட் வைத்தாலும் அதே கதை. காகிதம், எல்லோருக்கும் ஒரே நிறப் பேனா, பூட்டிய பெட்டி, பெட்டி எச்.ஆர். அறை வாசலில் இருக்கக் கூடாது. திறக்கும்போது தொழிலாளர் தரப்பில் இருவர் கூட இருக்க வேண்டும். 15 நிமிடம் ஒதுக்கினால் போதும், ஆனால் அது சம்பள நேரத்துக்குள் இருக்க வேண்டும். ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு ஓடுகிற நேரத்தில் கேட்டால் பதிலில் அந்த அவசரம்தான் இருக்கும்.

பெயர் எழுதாவிட்டாலும் ஆள் தெரிந்துவிடும் வழிகள் உண்டு. பிரிவு, வயது, பாலினம், பணிக்காலம் நான்கையும் கேட்டால், மெயின்டனன்ஸில் இருக்கும் ஒரே நாற்பது வயதுப் பெண் தன் பெயரையே எழுதிக் கொடுத்ததற்குச் சமம். இரண்டுக்கு மேல் கேட்க வேண்டாம். 10 பேருக்குக் குறைவாகப் பதில் தந்த பிரிவின் முடிவைத் தனியாக வெளியிடக் கூடாது. பக்கத்துப் பிரிவோடு சேர்த்துவிட வேண்டும். இதிலும் ஒரு ஓட்டை உண்டு. மொத்தம் 25 பேரின் முடிவையும் அதில் 22 பேர் உள்ள ஒரு பிரிவின் முடிவையும் வெளியிட்டால், கழித்துப் பார்த்து மிச்சம் 3 பேர் என்ன சொன்னார்கள் என்று எவரும் கண்டுபிடித்துவிடலாம். திறந்த கேள்விக்கு எழுதிய பதில்களை அப்படியே ஸ்கேன் செய்து மேலே அனுப்பக் கூடாது; கையெழுத்தும் சொல்வழக்கும் ஆளைக் காட்டிக்கொடுக்கும். தட்டச்சு செய்து, பெயரும் சம்பவ அடையாளமும் நீக்கிய பிறகே அனுப்ப வேண்டும்.

எந்த மாதம் என்பதும் முக்கியம். தீபாவளிக்கு முன் போனஸ் பேச்சு நடக்கும். சட்டப்படி குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதிகபட்சம் 20. இடையில் எங்கே நிற்கும் என்பதுதான் அப்போது எல்லோர் மனதிலும் ஓடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வியாசர்பாடி, புளியந்தோப்பு, மணலி பக்கம் தண்ணீர் நின்றால் வீட்டை விட்டு வருவதே பாடு. ஏப்ரலில் சம்பள உயர்வு, மே மாதம் கத்திரி வெயில், ஜூனில் பள்ளிக் கட்டணம். பிப்ரவரி-மார்ச் அல்லது ஜூலை-ஆகஸ்ட் ஓரளவு சமநிலையான காலம். எதைத் தேர்ந்தாலும் ஆண்டுதோறும் அதே மாதத்தில் நடத்த வேண்டும். மார்ச் எண்ணை நவம்பர் எண்ணோடு ஒப்பிட்டு 'சரிவு' என்று கூட்டம் போடுவது வீண்.

எண்களைப் படிப்பதில் நடக்கும் தவறுகள் ஏராளம். சராசரி மட்டும் பார்ப்பது முதலாவது. பத்துப் பேரும் 3 போட்டாலும் சராசரி 3. ஐந்து பேர் 1, ஐந்து பேர் 5 போட்டாலும் சராசரி 3. முதலாவது பிரிவில் சோர்வு, இரண்டாவதில் இரண்டு கட்சி. பெரும்பாலும் அந்த இரண்டு கட்சியும் இரண்டு ஷிப்டாகவோ இரண்டு சூப்பர்வைசராகவோ இருக்கும்; பிரித்துப் பார்த்தால் தெரியும். அடுத்தது, சிறிய பிரிவின் ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் தேடுவது. 10 பேர் உள்ள இடத்தில் ஒருவர் மனம் மாறினால் 10 புள்ளி நகரும். பெரிய கூட்டத்திலிருந்து 50 பேரைக் குலுக்கல் முறையில் கேட்டாலும், 50 சதவீதம் என்ற முடிவு இரு பக்கமும் 14 புள்ளி வரை ஆடக்கூடும். 'ஏ ஷிப்ட் 52, பி ஷிப்ட் 47' என்பதை வைத்து பி ஷிப்ட் இன்சார்ஜைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பது அநியாயம்.

உலக எண்ணோடு ஒப்பிடுவதும் அப்படித்தான். 2024-ஆம் ஆண்டுக்கு உலக அளவில் ஈடுபாடு கொண்ட ஊழியர் 21 சதவீதம் என்று கேலப் சொல்கிறது. 'நமக்கு 70 வந்திருக்கிறதே' என்று மகிழ்பவர்கள் உண்டு. கேலப் தன் கேள்விகளுக்கு வந்த பதில்களைச் சேர்த்து, ஒரு கடுமையான கோட்டைத் தாண்டியவர்களை மட்டும் அந்த 21-இல் எண்ணுகிறது. உள்ளூர்ப் படிவத்தில் 4-ம் 5-ம் போட்டவர்களைக் கூட்டினால் வருவது 70. இரண்டும் வேறு வேறு அளவைகள்.

படிவத்தோடு சேர்த்து, ஆலையில் ஏற்கெனவே கிடக்கும் பதிவேடுகளையும் பார்க்க வேண்டும். மேலே சொன்ன கிடங்கில் காண்டிராக்டின் 300 இடம் எப்போதும் நிரம்பியே இருக்கும், அதனால் ஆள் போவது தெரியாது. ஒரு வருடத்து பி.எஃப். பட்டியலில் எத்தனை வெவ்வேறு யு.ஏ.என். எண்கள் (ஒவ்வொரு தொழிலாளிக்கும் உரிய தனி பி.எஃப். எண்) வந்திருக்கின்றன என்று எண்ணினால் தெரிந்துவிடும். 300 இடத்துக்கு 540 எண் என்றால், 240 தடவை ஒருவர் போய் இன்னொருவர் வந்திருக்கிறார். அவர்களில் எத்தனை பேர் முதல் 90 நாளுக்குள் போனார்கள் என்று அடுத்துப் பார்க்க வேண்டும். முதல் மூன்று மாதத்தில் போகிறவர் பெரும்பாலும் சொன்ன வேலையும் கொடுத்த வேலையும் வேறாக இருந்ததால் போகிறார். இரண்டு வருடம் இருந்துவிட்டுப் போகிறவரின் காரணங்கள் வேறு. வராமை பதிவேட்டில் மொத்த நாளைவிட, எத்தனை தடவை என்பது அதிகம் சொல்லும்; தொடர்ந்து 10 நாள் விடுப்பு என்றால் உடம்பு சரியில்லை, பத்துத் திங்கட்கிழமை என்றால் கேட்க வேண்டியது இருக்கிறது. ஆனால் மழை வெள்ள நாட்களை விலக்கிவிட்டே இதைக் கணக்கிட வேண்டும். முழங்கால் தண்ணீரில் நின்றவரை ஈடுபாடு இல்லாதவர் என்று எழுதுவது கொடுமை.

மயிரிழையில் தப்பிய விபத்துகளைப் பதிவுசெய்யும் புத்தகம் ஒன்று இருக்கும். அதில் ஆறு மாதமாக ஒரு பதிவும் இல்லை என்றால் பலர் பெருமைப்படுகிறார்கள். கிரேனும் ஃபோர்க்லிப்டும் ஓடும் இடத்தில் பூஜ்யம் என்றால், பெரும்பாலும் யாரும் சொல்லவில்லை என்றே பொருள். சொன்னவருக்கு மெமோ கிடைத்த இடத்தில் அடுத்தவர் ஏன் சொல்லப்போகிறார்? நம்பிக்கை வளர்ந்த பிரிவில் இந்த எண் முதலில் ஏறும். அதைக் கெட்ட செய்தியாக எடுத்துக்கொண்டு சூப்பர்வைசரைத் திட்டினால் அடுத்த மாதமே பழைய பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும்.

மதிப்பெண்ணை சூப்பர்வைசரின் இன்சென்டிவோடு கட்டுவதை எந்த நிலையிலும் செய்யக் கூடாது. கட்டிய உடனே, படிவ நாளுக்கு முந்தைய வாரம் டீயும் சமோசாவும் வரும், 'எல்லாம் 5 போட்டுடுப்பா' என்று வேண்டுகோள் வரும், அடுத்து மிரட்டலும் வரும். அதற்கப்புறம் அந்த எண் எதையும் அளப்பதில்லை.

முடிவு வந்த இரண்டு மூன்று வாரத்துக்குள், அந்தந்தப் பிரிவுக்கே போய், ஷிப்ட் தொடங்கும் கூட்டத்தில் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னதில் இந்த மூன்றை எடுத்திருக்கிறோம், இன்னார் பொறுப்பு, இந்தத் தேதிக்குள் முடியும். இது ஒன்றைச் செய்ய முடியாது, காரணம் இது. சம்பளம், நிரந்தரம் ஆக்குதல் போன்றவை சங்கத்தோடு பேச வேண்டியவை. அவற்றை ஈடுபாட்டுக் குழுவுக்குள் இழுத்துச் சங்கத்தைச் சுற்றிக்கொண்டு போனால் இரண்டு பக்கமும் நம்பிக்கை போகும். சட்டத்திலேயே இதற்கு மேடைகள் இருக்கின்றன. 100 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள இடத்தில் இரு தரப்பும் சமமாக உட்காரும் பணிக்குழு 1947 தொழில் தகராறு சட்டத்திலேயே வந்துவிட்டது; 2020 தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, 20 பேர் இருந்தாலே குறைதீர் குழு வேண்டும் என்கிறது. ஆய்வு முடிவு அந்தக் குழுவின் மேசைக்குப் போனால் அது கூட்டக் குறிப்பேட்டில் ஏறும், அடுத்த கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். எச்.ஆர். மடிக்கணினியிலேயே தங்கிவிட்டால், அடுத்த வருடம் படிவம் வரும்போது 'போன வருஷமே எழுதினோமே' என்று பாதிப் பேர் காலியாகத் திருப்பித் தருவார்கள்.

இரண்டாம் ஆண்டு எண் ஏறினாலும் உடனே நம்பிவிடக் கூடாது. 100 பேரில் 50 பேர் சாதகமாகவும் 50 பேர் பாதகமாகவும் இருந்த பிரிவில், பாதகமாகச் சொன்னவர்களில் 30 பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் இடத்துக்கு வந்த 30 புதியவர்களில், சேர்ந்த புதிதில் இருக்கும் நம்பிக்கையால் 18 பேர் சாதகமாகச் சொல்கிறார்கள். சாதகம் இப்போது 68. அந்த லைனில் ஃபேன்கூட மாற்றப்படவில்லை, சூப்பர்வைசரும் மாறவில்லை. அதனால் இரண்டாம் ஆண்டு படிவத்தில் பணிக்காலத்தை 'ஓராண்டுக்குள், ஓராண்டுக்கு மேல்' என்று இரண்டே கட்டமாகக் கேட்டு, ஓராண்டுக்கு மேல் இருப்பவர்களின் எண்ணைத் தனியாகப் போட வேண்டும். அதற்குப் பக்கத்திலேயே அந்த ஆண்டு பிரிவை விட்டுப் போனவர்களின் எண்ணிக்கையையும் எழுத வேண்டும்.